மனநோய்க்கு அடையாள அட்டையும் உதவித்தொகையும்: ஏற்காட்டிலிருந்து சேலம் ஜி.எச். வரை

என் தம்பிக்கு மனச்சிதைவு நோய். 11 வருடமாக மருந்து சாப்பிடுகிறான். எங்கள் வீடு ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம். அப்பா காபி எஸ்டேட்டில் வேலை பார்த்தவர். தம்பிக்கு மாற்றுத்திறனாளி அடையாள அட்டை வாங்கவும், அப்புறம் மாத உதவித்தொகைக்கு எழுதிப் போடவும் மலையிலிருந்து எத்தனை முறை இறங்கினோம் என்று கணக்கு வைத்துக்கொள்ளவில்லை. அதில் பாதி, எது முதலில் எது பிறகு என்று தெரியாமல் போன வீண் அலைச்சல். அந்தப் பாதியையாவது உங்களுக்கு மிச்சம் பண்ணலாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். சான்றிதழ் வேறு, பணம் வேறு. சான்றிதழ் தருவது மருத்துவக் குழு; எல்லோரும் போர்டு என்பார்கள். மாதாமாதம் பணம் தருவது வருவாய்த் துறை. சான்று கைக்கு வந்ததும் பணம் தானாக ஏறிவிடும் என்று நினைத்து, நாங்கள் ஆறு மாதம் பாஸ்புக்கைப் பதிந்து பதிந்து பார்த்தோம். ஏறாது. அதற்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும்.

எந்த வகை என்று தெரிந்துகொள்ளுங்கள்

2016ஆம் வருட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியல் போடுகிறது. அதில் மனநோய் ஒரு வகை. அறிவுசார் குறைபாடு, அதாவது முன்பெல்லாம் மனவளர்ச்சி குன்றியவர் என்று சொன்னது, இன்னொரு வகை. இரண்டும் ஒன்று என்று ஊரில் பாதிப் பேர் நினைக்கிறார்கள். அலுவலகங்களிலும் அப்படி நினைக்கிறவர்கள் உண்டு. எங்களுக்கு விண்ணப்பம் போட்டுக் கொடுத்த ஒரு நெட் சென்டரில், "ரெண்டும் ஒண்ணுதாங்க்கா" என்று சொல்லி இரண்டாவதை டிக் செய்துவிட்டார்கள். பரிசோதனை நாளில்தான் தெரிந்தது. அறிவுசார் குறைபாட்டுக்கு அறிவுத்திறன் தேர்வு வைப்பார்கள். தம்பி பிளஸ் டூவில் கணக்கில் நல்ல மார்க் வாங்கியவன். அவனை அந்தத் தேர்வில் உட்கார வைத்து என்ன செய்வது? விண்ணப்பத்தைத் திருத்திப் போட்டுவிட்டு மறுபடி வரிசையில் நின்றோம்.

சலுகைகளும் வகைக்கு வகை மாறும். நிரமயா மருத்துவக் காப்பீடு என்று யாராவது உங்களிடம் சொல்வார்கள். அது ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்குக்கு மட்டும்தான். மனநோய் அதில் வராது. ரயில் கட்டணச் சலுகைப் பட்டியலிலும் மனவளர்ச்சி குன்றியோர் இருக்கிறார்கள், மனநோய் இல்லை. மாற்றுத்திறனாளிகள் நலத்துறை தரும் 2,000 ரூபாய் பராமரிப்புத் தொகை அறிவுசார் குறைபாடு, தசைச்சிதைவு, தொழுநோய், 75 சதவீதத்துக்கு மேல் கடும் பாதிப்பு போன்ற வகைகளுக்கு. மனநோய் என்று பெயர் சொல்லி அந்த வரிசையில் இல்லை. நியாயமா என்று கேட்டால், இல்லை என்றுதான் சொல்வேன். ஆனால் விண்ணப்பிக்கிற நேரத்தில் அந்தச் சண்டையைத் தூக்கிக்கொண்டு நடக்க முடியாது. நம்மைப் போன்ற குடும்பங்களுக்குப் பெரும்பாலும் வருவாய்த் துறை உதவித்தொகைதான் வழி.

காகிதங்களைச் சேர்ப்பது

நேற்று வந்த நோய்க்கு இன்று சான்று கிடைக்காது. சிகிச்சை எடுத்தும் நிலைமை எப்படி இருக்கிறது என்பதைத்தான் பார்ப்பார்கள். அதனால் சிகிச்சைக் காகிதங்கள்தான் எல்லாவற்றுக்கும் அடித்தளம். ஓ.பி. சீட்டு, டிஸ்சார்ஜ் சம்மரி, மாத்திரை எழுதிய சீட்டு, மாத ஊசி போட்ட தேதிகள், தனியார் கிளினிக்கில் காட்டிய பழைய ஃபைல், எல்லாம் வேண்டும். தேதி வரிசையில் அடுக்குங்கள், பழையது அடியில். நோய் தொடங்கிய வருடம் எந்தக் காகிதத்தில் இருக்கிறதோ அதைத் தனியாக எடுத்து வையுங்கள். அதற்கும் மார்க் உண்டு, பிறகு சொல்கிறேன்.

எங்களைப் போலவே பல வீடுகளில் முதல் சில வருடங்கள் கோயில் கோயிலாகப் போயிருப்பார்கள், மந்திரித்திருப்பார்கள். அந்தக் காலத்துக்குக் காகிதம் இருக்காது. வெட்கப்படாமல் டாக்டரிடம் அதையும் சொல்லுங்கள். "இந்த வருஷத்துல படிப்பை நிறுத்திட்டான், அப்போ இருந்தே இப்படித்தான்" என்று சொன்னால் அவர் எழுதிக்கொள்வார். பள்ளி மாற்றுச் சான்றிதழில் நின்ற தேதி இருந்தால் அதுவும் உதவும்.

பழைய காகிதங்கள் தொலைந்து போயிருந்தால் சிகிச்சை எடுத்த இடத்தில் கேட்கலாம். 2017ஆம் வருட மனநலப் பராமரிப்புச் சட்டம் தன் மருத்துவப் பதிவுகளைக் கேட்டுப் பெறும் உரிமையை நோயாளிக்குத் தருகிறது. 2018 மே மாதத்திலிருந்து அமலில் இருக்கும் சட்டம் அது. வாய்வார்த்தையாகக் கேட்காமல் எழுதிக் கொடுத்துக் கேளுங்கள்.

இதுவரை அரசு மருத்துவமனைக்கே போனதில்லை என்றால், விண்ணப்பிக்கும் முன்பு சில மாதமாவது அங்கே தொடர்ந்து காட்டுவது நல்லது என்பது என் அனுபவம். போர்டில் உட்காருகிற டாக்டருக்கு உங்கள் ஆளை ஏற்கெனவே தெரிந்திருந்தால் பாதிப் பாரம் குறையும். சேலத்தில் எல்லோரும் ஜி.எச். என்று சொல்லும் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. மருந்து இலவசம். காலையில் சீக்கிரம் போய்ச் சீட்டுப் போட்டுவிட வேண்டும். மலையிலிருந்து மாதாமாதம் இறங்க முடியாதவர்கள், மாவட்ட மனநலத் திட்டத்தின் டாக்டர் பக்கத்து அரசு மருத்துவமனைக்கு என்றைக்கு வருகிறார் என்று விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

விண்ணப்பம்

இப்போது நாடு முழுவதற்கும் ஒரே அட்டை: யு.டி.ஐ.டி. என்கிற தனித்துவ அடையாள அட்டை. மத்திய அரசின் ஸ்வாவலம்பன் இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பத்துக்குக் கட்டணம் கிடையாது. இ-சேவை மையத்திலோ நெட் சென்டரிலோ போட்டால் அவர்கள் கூலி மட்டும்தான். ஆயிரக்கணக்கில் கேட்கிறவர் புரோக்கர், எழுந்து வந்துவிடுங்கள்.

ஆதார், முகவரிச் சான்று, புகைப்படம், கையெழுத்து அல்லது கைநாட்டு, சிகிச்சைக் காகிதத்தின் ஸ்கேன் இவை போதும். ஆதாரில் உள்ள பெயரும் ஓ.பி. சீட்டில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்த்துவிடுங்கள். மருத்துவமனையில் அவசரத்தில் கூப்பிடும் பெயரைச் சொல்லியிருப்போம், ஆதாரில் குலசாமி பெயர் இருக்கும். எங்களுக்கு ஒரு இனிஷியலால் ஒரு நாள் போயிற்று.

மலைக்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஓ.டி.பி. எந்த நம்பருக்கு வருமோ அந்தப் போன் கையில் இருக்க வேண்டும், அதற்கு டவரும் கிடைக்க வேண்டும். போனை அண்ணன் எடுத்துக்கொண்டு எஸ்டேட்டுக்குப் போயிருக்க, நாங்கள் ஏற்காடு டவுனில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த கதையெல்லாம் உண்டு. போன் நம்பர் மாறியிருந்தால் முதலில் ஆதாரில் அதை மாற்றுங்கள், மற்றதெல்லாம் பிறகு.

விண்ணப்பித்ததும் ஒரு பதிவு எண் வரும். அதைப் பிரிண்ட் எடுத்து வையுங்கள். எந்த மருத்துவமனையில் பரிசோதனை என்று விண்ணப்பத்திலேயே தேர்ந்தெடுக்க வேண்டும். 2024 அக்டோபரில் திருத்திய விதிகளின்படி மூன்று மாதத்துக்குள் பரிசோதனை முடித்துச் சான்று தர வேண்டும். நீங்கள் போகாமல் கிடப்பில் விட்டால் இரண்டு வருடத்தில் விண்ணப்பம் காலாவதியாகி, மறுபடி முதலிலிருந்து போட வேண்டியிருக்கும். எந்தக் கிழமை போர்டு உட்காருகிறது, அன்று மனநல மருத்துவர் இருக்கிறாரா என்பதைக் கலெக்டர் ஆபீசில் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்டுவிட்டுப் போங்கள். கண் டாக்டரும் எலும்பு டாக்டரும் மட்டும் வந்திருந்த முகாமுக்கு ஒருமுறை போய்த் திரும்பியிருக்கிறோம்.

40 என்ற எண்

எந்தச் சலுகைக்கும் குறைந்தது 40 சதவீதம் வேண்டும். காலுக்கும் கண்ணுக்கும் சதவீதம் போடலாம், மனதுக்கு எப்படிப் போடுவார்கள் என்று அம்மா கேட்டார். நியாயமான கேள்விதான்.

அதற்கு ஐடியாஸ் என்ற அளவுகோல் இருக்கிறது, இந்திய மனநல மருத்துவர் சங்கம் உருவாக்கியது. நோயின் பெயருக்கு அதில் மார்க் கிடையாது. மனச்சிதைவு என்றால் இத்தனை, இருதுருவ மனநோய் என்றால் இத்தனை என்று எதுவும் இல்லை. அன்றாட வாழ்க்கையில் நான்கு விஷயங்களைப் பார்ப்பார்கள். தன்னைத் தானே கவனித்துக்கொள்வது: குளியல், உடை, சாப்பாடு. மனிதர்களோடு பழகுவது. பேசுவதும் அடுத்தவர் சொல்வதைப் புரிந்துகொள்வதும். நான்காவது வேலை. சம்பளத்துக்குப் போகிறவருக்கு அந்த வேலை, படிக்கிறவருக்குப் படிப்பு, வீட்டைப் பார்த்துக்கொள்கிற பெண்ணுக்கு வீட்டு வேலை. இது முக்கியம். "அவ வீட்டுலதானே இருக்கா, வேலைன்னு என்ன எழுதுறது" என்று விட்டுவிடாதீர்கள். சமைக்க முடியவில்லை, குழந்தையைப் பள்ளிக்கு அனுப்ப முடியவில்லை என்பதெல்லாம் கணக்கில் வரும்.

ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை. கஷ்டம் இல்லை என்றால் 0, சுத்தமாக முடியவில்லை என்றால் 4. இதோடு நோய் எத்தனை வருடம் என்பதற்கு ஒரு மார்க்: 2 வருடத்துக்குக் குறைவு என்றால் 1, 2 முதல் 5 வருடம் 2, 6 முதல் 10 வருடம் 3, அதற்கு மேல் 4. மொத்தம் 20. கூட்டுத்தொகை 6 வரை இருந்தால் 40 சதவீதத்துக்குக் கீழே. 7 முதல் 13 வரை 40 முதல் 70 சதவீதம். 14 முதல் 19 வரை 71 முதல் 99. இருபதுக்கு இருபது என்றால் 100.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நான்கு வருடமாக நோய் உள்ள ஒரு பெண். சொன்னால்தான் குளிப்பார்: 1. உறவுக்காரர் யார் வந்தாலும் அறைக்குள் போய்விடுவார்: 2. கேட்டதற்கு ஓரிரு வார்த்தைதான்: 1. அடுப்படிப் பக்கமே போவதில்லை: 3. ஆக 7, நோய்க்காலத்துக்கு 2, மொத்தம் 9. அவருக்கு 40 முதல் 70 வரைக்குள் சான்று கிடைக்கும். இதே பெண்ணைப் பற்றி வீட்டார் "குளிச்சுக்குவா, பேசுவா, கொஞ்சம் சமைப்பா" என்று மட்டும் சொன்னால் கூட்டுத்தொகை 6க்குக் கீழே விழுந்துவிடும். சொன்னது பொய்யும் இல்லை. பாதிதான் சொன்னார்கள்.

போர்டு நாள்

இதில்தான் நாங்கள் விழுந்தோம். முதல் முறை போன அன்று அம்மா விடிகாலையில் எழுந்து தண்ணீர் சுடவைத்து, தம்பியைக் குளிப்பாட்டி, ஷேவ் செய்துவிட்டு, தீபாவளிச் சட்டையைப் போட்டு அழைத்து வந்தார். நாலு பேர் முன்னால் பிள்ளை நன்றாகத் தெரிய வேண்டும் என்ற ஆசை. டாக்டர் கேட்டார்: "வேலைக்குப் போறியாப்பா?" தம்பி சொன்னான்: "போறேன் சார்." அந்த மாதம் நான்கு நாள் போயிருந்தான், அதில் இரண்டு நாள் பத்து மணிக்கே திரும்பிவிட்டான். அம்மா பக்கத்தில் நின்றுகொண்டு, "தங்கமான பையன் சார், ஒரு தொந்தரவும் இல்லை" என்றார். 40க்குக் கீழே வந்தது. டாக்டரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பத்து நிமிடத்தில் நாங்கள் காட்டியதை அவர் எழுதினார்.

அடுத்த முறைக்கு முன்பு மூன்று மாதம் ஒரு நாற்பது பக்க நோட்டில் குறித்துக்கொண்டே வந்தேன். பெரிய எழுத்து வேலை இல்லை. தேதி போட்டு ஒரு வரி. "குளித்து நான்கு நாள் ஆகிறது." "பால் வாங்கப் போனவன் பாதி வழியில் நின்றுகொண்டிருந்தான், அண்ணன் போய் அழைத்து வந்தான்." "மாத்திரையை நாக்குக்கு அடியில் வைத்துத் துப்பிவிட்டான்." "இன்று நன்றாக இருந்தான், மிளகு பறிக்கப் போனான், மாலை வரை வேலை." நல்ல நாளையும் கட்டாயம் எழுதுங்கள். அது இருந்தால்தான் மற்ற நாட்களை நம்புவார்கள். அந்த நோட்டையும் சிகிச்சைக் காகிதங்களையும் கொடுத்தேன். டாக்டர் ஐந்தாறு பக்கம் புரட்டினார். பிறகு அவர் கேட்ட கேள்விகளே வேறு மாதிரி இருந்தன. சட்டை அதே தீபாவளிச் சட்டைதான். அம்மாவோடு அதில் மட்டும் எங்களால் ஜெயிக்க முடியவில்லை.

போர்டுக்கு நெருக்கத்தில் மருந்தை நிறுத்தி, முடி நகம் வெட்டாமல் அழைத்துப் போனால் சதவீதம் கூடும் என்று பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் ஒருவர் எங்களுக்கு யோசனை சொன்னார். தயவுசெய்து செய்யாதீர்கள். மருந்தை நிறுத்திய மூன்றாவது வாரம் வீட்டில் என்ன நடக்கும் என்று இந்த நோயோடு வாழ்கிற யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. தவிர, சிகிச்சை எடுத்துக்கொண்டிருக்கும்போது எப்படி இருக்கிறார் என்பதைத்தான் போர்டு பார்க்கிறது.

நோயாளியை வைத்துக்கொண்டே அவருடைய குறைகளைப் பட்டியல் போடுவது கொடுமை. தம்பி அன்று இரவு முழுக்கப் பேசவில்லை. இரண்டாம் முறை முந்தின நாளே அவனிடம் சொன்னேன்: "நாளைக்கு உன்னால என்ன முடியலைன்னுதான் கேப்பாங்க. முடியறதை நாங்க வீட்டுல பாத்துக்கறோம். நோட்டுல எழுதினதை நீயே ஒரு தடவை படிச்சுப் பாரு." படித்தான். இரண்டு இடத்தில் தப்பு என்று சொல்லி அவனே அடித்துத் திருத்தினான். டாக்டரிடமும், வீட்டார் தனியாக ஐந்து நிமிடம் பேச வேண்டும் என்று கேட்கலாம், மறுக்க மாட்டார்கள்.

மலையிலிருந்து வருகிறவர்களுக்கு இன்னும் இரண்டு. ராத்திரி மாத்திரையின் மயக்கமும் கொண்டை ஊசி வளைவும் சேர்ந்தால் வாந்திதான். முடிந்தால் முந்தின நாளே இறங்கி அடிவாரம், கோரிமேடு பக்கம் சொந்தக்காரர் வீட்டில் தங்கிவிடுங்கள். பனி மூடுகிற மார்கழியில் முதல் பஸ்ஸை நம்பாதீர்கள். கையில் தண்ணீரும் சாப்பாடும் இருக்கட்டும், வரிசை மதியம் வரை போகும். எல்லாம் முடிந்ததும் தம்பிக்குத் தட்டுவடை செட் வாங்கித் தர வேண்டும் என்பது எங்கள் வீட்டு ஒப்பந்தம். அது இருந்தால்தான் மூன்று மணி நேரம் பெஞ்சில் உட்காருவான்.

சான்று வந்த பிறகு

சான்றிதழில் மூன்றைப் பாருங்கள்: வகை மனநோய் என்று இருக்கிறதா, சதவீதம் எத்தனை, நிரந்தரமா தற்காலிகமா. மனநோய்க்குப் பெரும்பாலும் தற்காலிகச் சான்றுதான், முடிகிற தேதி போட்டிருக்கும். யு.டி.ஐ.டி. அட்டை தபாலில் வரும்; அதற்குள் தேவைப்பட்டால் அதே இணையதளத்தில் பதிவிறக்கலாம். 40க்குக் கீழே வெள்ளைக் கோடு, 40 முதல் 80க்குள் மஞ்சள், 80 முதல் நீலம்.

அட்டையில் வகை அச்சாகும் என்பதால் சில வீடுகளில் தயங்குவார்கள். தங்கை கல்யாணம் இருக்கிறது, ஊருக்குத் தெரிந்துவிடும் என்பார்கள். அட்டையைக் கேட்காத இடத்தில் காட்ட வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. சொத்துரிமை போய்விடும், ஓட்டுப் போட முடியாது என்பதெல்லாம் இந்தச் சான்றால் நடக்காது. ஒருவருக்கு மனநோய் இருக்கிறது என்பதாலேயே அவரைச் சித்தசுவாதீனம் இல்லாதவர் என்று கொள்ளக் கூடாது, அதை நீதிமன்றம்தான் சொல்ல வேண்டும் என்று மனநலப் பராமரிப்புச் சட்டமே சொல்கிறது.

அட்டை வந்த கையோடு மாத உதவித்தொகைக்கு எழுதுங்கள். 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். 40 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் மாநில அரசின் மாற்றுத்திறனாளி உதவித்தொகை. 80 சதவீதமோ அதற்கு மேலோ, வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ள குடும்பம் என்றால் மத்திய அரசின் இந்திரா காந்தி பெயரிலான திட்டம். எதில் சேர்ப்பது என்பதை அலுவலகமே முடிவு செய்யும், நீங்கள் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். 1,000 ரூபாயாக இருந்த தொகை 2023 ஜனவரியிலிருந்து 1,500 ஆனது. இ-சேவை மையத்தில் பதிவு செய்யலாம். ஆதார், ரேஷன் ஸ்மார்ட் கார்டு, சான்றிதழ், பாஸ்புக், புகைப்படம் கேட்பார்கள். பாஸ்புக் நோயாளியின் பெயரில் இருக்க வேண்டும், ஆதார் இணைந்திருக்க வேண்டும்.

பிறகு வி.ஏ.ஓ. விசாரணைக்கு வருவார், அடுத்து ஆர்.ஐ. என்கிற வருவாய் ஆய்வாளர், கடைசியில் தாலுகா அலுவலகத்தில் சமூகப் பாதுகாப்புத் திட்டத்தைப் பார்க்கும் தாசில்தார் கையெழுத்து. வி.ஏ.ஓ. வருகிற அன்று வீட்டில் ஆள் இருக்க வேண்டும். காபி பறிக்கிற பருவத்தில் மலையில் எந்த வீட்டிலும் பகலில் ஆள் இருக்காது. "விசாரணையில் இல்லை" என்று எழுதிவிட்டால் கதை முடிந்தது. முன்கூட்டியே அவர் போன் நம்பர் வாங்கி, எப்போது வருகிறார் என்று கேட்டுவிடுங்கள். கையும் காலும் நன்றாக இருக்கிறதே, இவருக்கு என்ன ஊனம் என்று விசாரணையில் யாராவது கேட்டால் கோபப்படாமல் சான்றிதழை நீட்டுங்கள். சதவீதத்தை முடிவு செய்வது போர்டு, விசாரணைக்கு வந்தவர் அல்ல.

இழுத்தடித்தால் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுங்கள், ரசீதை விடாமல் வாங்குங்கள். மலை இறங்க முடியாதவர்கள் முதல்வர் உதவி எண் 1100க்குப் போன் செய்து புகாரைப் பதியலாம்.

பலர் விட்டுவிடும் பணம்

1,500 ரூபாயைவிடப் பெரிய பணம் சில வீடுகளில் பீரோவில் தூங்குகிறது. அப்பா அல்லது அம்மா அரசு ஊழியராக, ரயில்வேக்காரராக இருந்தவர் என்றால், மனநோயால் சம்பாதிக்க முடியாத பிள்ளைக்கு வயது வரம்பு இல்லாமல் குடும்ப ஓய்வூதியம் உண்டு. பி.எஃப். பிடித்த தனியார் வேலை, எஸ்டேட் வேலை என்றாலும், 1995ஆம் வருட ஊழியர் ஓய்வூதியத் திட்டத்தில் முழுமையாகவும் நிரந்தரமாகவும் இயலாத பிள்ளைக்கு, பெற்றவர் காலத்துக்குப் பிறகு வாழ்நாள் முழுக்க ஓய்வூதியம் கேட்க வழி இருக்கிறது. சதவீதம் மட்டும் போதாது, சம்பாதிக்க இயலாதவர் என்று மருத்துவச் சான்றில் வர வேண்டும். பெற்றவர் உயிரோடு இருக்கும்போதே பிள்ளையின் பெயரையும் நிலையையும் ஓய்வூதியப் பதிவில் ஏற்றிவிடுவது மிக மிக நல்லது. அப்பா இறந்த பிறகு நாங்கள் ஓடிய ஓட்டத்தில் எனக்குக் கிடைத்த பாடம் இது. இந்தக் கட்டுரையில் ஒரு பத்தியை மட்டும் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் மாற்றுத்திறனாளிக்கும் கூட வரும் ஒருவருக்கும் டிக்கெட் இல்லை. மத்திய அரசு வேலையில் 4 சதவீத இட ஒதுக்கீட்டில் ஒரு சதவீதத்தை மனநோய், ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு உள்ளவர்கள் பகிர்ந்துகொள்கிறார்கள். வீட்டில் வருமான வரி கட்டுகிறவர் இருந்தால், பழைய வரி முறையில் 75,000 ரூபாய், 80 சதவீதமோ அதற்கு மேலோ என்றால் 1,25,000 ரூபாய் கழிவு உண்டு.

40க்குக் கீழே வந்தால்

சதவீதம் தவறு என்று நினைத்தால் 90 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். ஏன் தவறு என்பதை நான்கு தலைப்பில் பிரித்து எழுதுங்கள்: குளியல் உடை சாப்பாடு, பழக்கம், பேச்சு, வேலை. "மிகவும் கஷ்டப்படுகிறோம், கருணை காட்டவும்" என்று எழுதுவதில் பயன் இல்லை. "மே மாதத்தில் நான்கு நாள் வேலைக்குப் போனார்" என்பதுதான் வேலை செய்யும். எழுதத் தெரியாவிட்டால், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மாற்றுத்திறனாளிகளுக்கு வருமானம் பார்க்காமல் இலவச உதவி உண்டு. அஸ்தம்பட்டி நீதிமன்ற வளாகத்தில் விசாரியுங்கள், அல்லது 15100க்குப் பேசுங்கள்.

இடையில் நோயாளிக்கோ உங்களுக்கோ தாங்க முடியாமல் போனால் 14416. டெலி மானஸ் என்ற இலவச மனநல உதவி எண், தமிழில் பேசுவார்கள். எல்லா நேரமும் எடுப்பார்கள். பார்த்துக்கொள்கிறவர்களும் கூப்பிடலாம், நான் கூப்பிட்டிருக்கிறேன்.

கடைசியாக, தற்காலிகச் சான்று முடிகிற தேதிக்கு நான்கைந்து மாதம் முன்பே புதுப்பிக்க விண்ணப்பியுங்கள். முடிந்த பிறகு போனால் உதவித்தொகை நின்றுவிடும் ஆபத்து உண்டு, நின்றதை மறுபடி ஓட வைப்பது புதிதாக வாங்குவதைவிடச் சிரமம். எல்லாவற்றுக்கும் இரண்டு செட் ஜெராக்ஸ் எடுத்து ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு, மழை படாத இடத்தில் வையுங்கள். நாற்பது பக்க நோட்டையும் அதிலேயே வையுங்கள், அடுத்த போர்டுக்கு வேண்டும்.